மைனர் சொத்தும் மளிகைக் கடையும்



2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் அன்றாடம் கூலிக்குப் போய்ப் பிழைத்தவர்கள். தாய், தந்தை இருவரையும் ஒருசேரப் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு.

அப்போது தமிழக அரசு அறிவித்த உதவிகளில் ஒன்றை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். இறந்தவர் குடும்பத்திற்கு ரூ.10 லட்சம் என்பதோடு நிற்காமல், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் ரூ.5 லட்சமும், ஒருவரை இழந்த பிள்ளைகளின் பெயரில் ரூ.3 லட்சமும் வைப்புத் தொகையாகப் போடப்படும், 18 வயது முடிந்தபின் வட்டியோடு கொடுக்கப்படும் என்று அரசு அறிவித்தது. இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் ரூ.5,000 பராமரிப்புத் தொகையும் அறிவிக்கப்பட்டது.

"கஷ்டத்தில் நிற்கும் குடும்பத்திற்கு மொத்தப் பணத்தையும் இன்றே கையில் கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். காரணம் ஒன்றுதான். அது பிள்ளையின் பணம். சித்தப்பாவின் கடனுக்கோ, தாய்மாமனின் வியாபாரத்திற்கோ அது கரைந்துவிடக் கூடாது. மைனர் சொத்து பற்றிய சட்டம் முழுவதும் இந்த ஒரு நியாயத்தின் மீதுதான் நிற்கிறது.

நமக்கென்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

சின்னசேலத்தில் ஒரு மளிகை வியாபாரி. வயது 42. சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய கடை, மேலே வீடு, ஊருக்கு வெளியே ஒரு மனை. உயில் எழுதவில்லை. ஒருநாள் மாரடைப்பில் போய்விடுகிறார். வீட்டில் வயதான தாய், மனைவி, 14 வயது மகன், 9 வயது மகள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மொத்த வியாபாரி சிட்டையோடு வந்து நிற்கிறார். இறந்தவரின் தம்பி கல்லாவில் உட்காருகிறார். மனையை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று சொந்தபந்தங்கள் கூடிப் பேசுகிறார்கள். பக்கத்துக் கடைக்காரரே வாங்கத் தயார். அட்வான்ஸும் கைமாறுகிறது.

இதில் எவர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் பின்னால் வழக்கு வர எல்லா வாசலும் திறந்திருக்கிறது.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயார்ஜித சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் நால்வருக்கும் சம பங்கு. தம்பிக்கு ஒரு பங்கும் இல்லை. நான்கில் இரண்டு பங்கு மைனர்களுடையது. அதாவது கடையிலும் மனையிலும் சரிபாதி, கையெழுத்துப் போடும் வயதில்லாத இரு பிள்ளைகளுக்குச் சொந்தம்.

யார் கார்டியன்?

பத்திரங்களில் கார்டியன் என்று எழுதுகிறோமே, அந்தக் காப்பாளர் யார் என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, இயற்கைக் காப்பாளர் என்பவர் தந்தை. அவருக்கு அடுத்துத் தாய். தந்தை உயிரோடு இருந்தாலும், அவர் பிள்ளையைக் கவனிக்காமல் ஒதுங்கிவிட்டாலோ கவனிக்க இயலாத நிலையில் இருந்தாலோ தாயே காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. பெரியப்பா, சித்தப்பா, தாத்தா, தாய்மாமன் யாரும் இயற்கைக் காப்பாளர் அல்லர். எவ்வளவு பாசமாக வளர்த்தாலும், மைனரின் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

சரி, தாய்தான் காப்பாளர். அவர் விற்கலாமா? அங்கும் ஒரு தடை இருக்கிறது. அச்சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி, மைனரின் அசையாச் சொத்தை விற்கவும், அடமானம் வைக்கவும், தானம் கொடுக்கவும், பரிவர்த்தனை செய்யவும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கோ வாடகைக்கோ விடுவதற்கும், மைனர் மேஜராகி ஓராண்டு தாண்டியும் நீளும் குத்தகைக்கும் இதே விதிதான். கடை வாடகை ஒப்பந்தம் போடும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாகம் பிரியாத கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்து என்றால், அதைக் குடும்பத் தலைவர் அவசியத்திற்காக விற்கும்போது இந்த 8-ஆவது பிரிவு பொருந்தாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே சொத்து சுயார்ஜிதமா, பூர்வீகமா என்பதை மூலப் பத்திரத்தைப் பார்த்து வழக்கறிஞரிடம் முதலிலேயே தெளிவு செய்துகொள்ள வேண்டும்.

இஸ்லாமிய வணிகர் குடும்பங்களில், தந்தை இறந்தால் பிள்ளையின் சொத்துக்குத் தாய் தானாகவே காப்பாளர் ஆவதில்லை. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுச் செய்து நியமனம் பெறலாம். இந்த 1890 சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது.

வாங்குகிறவர் தலையில் விழும் இடி

அனுமதி இல்லாமல் வாங்கினால் என்ன ஆகும்? "மைனரின் படிப்புச் செலவுக்காகவும் குடும்ப அவசியத்திற்காகவும் விற்கப்படுகிறது" என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். "பையன் மேஜரானதும் கையெழுத்து வாங்கித் தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லையும் நம்புகிறோம். இரண்டும் நீதிமன்ற அனுமதிக்கு ஈடாகாது.

அந்த விற்பனையை மேஜரான பிள்ளை தள்ளுபடி செய்யலாம். 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடர உரிமை உண்டு. நம் உதாரணத்தில் 9 வயதுப் பெண்ணுக்கு 21 வயது ஆகும்வரை, அதாவது 12 ஆண்டுகள், வாங்கியவர் தலைமேல் கத்தி தொங்கும். அதற்குள் அவர் அங்கே கட்டடம் கட்டியிருப்பார், வங்கியில் கடன் வாங்கியிருப்பார்.

வழக்குப் போட்டால்தானே என்று அசட்டையாக இருப்பதற்கும் இப்போது வழியில்லை. கர்நாடகத்தின் தாவணகெரே பகுதியில், மூன்று மைனர் மகன்களின் பெயரில் இருந்த மனைகளைத் தந்தை நீதிமன்ற அனுமதியின்றி விற்றுவிட்டார். பிள்ளைகள் மேஜரானபின் அதே மனைகளை வேறொருவருக்கு விற்றார்கள். தனியாக ஒரு வழக்குப் போட்டுத்தான் பழைய விற்பனையை ரத்து செய்ய வேண்டும் என்பதில்லை. உரிய காலத்திற்குள் தங்கள் நடத்தையாலேயே அதை மறுத்துவிடலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தையிடம் பணம் கொடுத்தவரின் வழியில் வந்தவர் இழந்ததுதான் மிச்சம். வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

அனுமதி பெறுவது எப்படி?

கோர்ட்டு என்றாலே நமக்கு ஒரு பயம். ஆனால் இது எதிராளி இருந்து சண்டை போடும் வழக்கு அன்று. சொத்து இருக்கும் பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில், அல்லது அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்ட நீதிமன்றத்தில், தாய் ஒரு மனுப் போடுகிறார். இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்தின் மதிப்பு, விற்க வேண்டிய காரணம் ஆகியவற்றை வைக்க வேண்டும்.

நீதிமன்றம் பார்ப்பது இரண்டே விஷயம். மைனருக்கு இது அவசியமா? அல்லது வெளிப்படையான நன்மை உண்டா? தந்தை வைத்துவிட்டுப் போன நியாயமான கடன், படிப்பு, மருத்துவம் போன்றவை அவசியத்தில் சேரும். மாமனுக்கு மூலதனம் வேண்டும் என்பது சேராது. அனுமதி கிடைக்கும்போது சாதாரணமாக நிபந்தனையும் சேர்ந்து வரும். இந்த விலைக்குக் குறையாமல் விற்க வேண்டும், மைனர் பங்கை அவர் பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள். அரசு கருணாபுரத்துப் பிள்ளைகளுக்குச் செய்தது போன்ற ஏற்பாடுதான்.

சில மாதங்கள் பிடிக்கும், செலவும் ஆகும். ஆனால் அந்த உத்தரவு கையில் இருந்தால் விற்கும் தாய்க்கும் நிம்மதி, வாங்கும் வியாபாரிக்கும் நிம்மதி. நல்ல விலையும் கிடைக்கும். அனுமதி இல்லாத சொத்தை அடிமாட்டு விலைக்குத்தானே கேட்பார்கள்!

கணக்குக் கேட்கும் நீதிமன்றம்

தாயும் இல்லை என்றால், உறவினரோ வேறு தகுதியுள்ளவரோ 1890 சட்டப்படி காப்பாளராக நியமிக்கக் கோரலாம். நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கும். நியமிக்கப்பட்டவரிடம் பிணைப் பத்திரம் கேட்கலாம். ஆறு மாதத்திற்குள் சொத்து, கடன், கைவசமுள்ள பணம் இவற்றின் பட்டியலைத் தாக்கல் செய்யச் சொல்லலாம். அவ்வப்போது வரவு செலவுக் கணக்கும் கேட்கலாம். தன் சொத்தை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதன் எப்படிப் பார்ப்பானோ அப்படி மைனர் சொத்தைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். தவறினால் நீக்கலாம். பேரேடு எழுதும் நமக்கு இது புதிதல்ல.

ஒரு காலத்தில் இந்தக் கவனிப்பு பெரும்பாலும் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தான் கிடைத்தது. 1902-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வந்த கோர்ட் ஆப் வார்ட்ஸ் சட்டத்தின்கீழ், வாரிசு சிறுவனாக இருந்தால் ஜமீனை அரசே எடுத்து நிர்வகிக்கும். அத்தகைய இளம் ஜமீன்தார்களைச் சென்னை தேனாம்பேட்டை நியூயிங்டன் மாளிகையில் தங்கவைத்துப் படிக்க வைத்தார்கள். இன்றும் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு செலவு செய்பவரை 'மைனர்' என்கிறோமே, அந்தப் பேச்சு அந்த ஜமீன் மைனர்களிடமிருந்து வந்ததுதான். இன்றைய மைனர், தந்தையை இழந்த கடைக்காரரின் மகன். அவனுக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் அதே பாதுகாப்பு உண்டு.

மலையிலிருந்து சரக்கு வாங்குவோர் கவனத்திற்கு

கல்வராயன்மலையோடு நம்மவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் அதிகம். கடுக்காயும் புளியும் சாமையும் மரவள்ளியும் அங்கிருந்து இறங்குகின்றன. மளிகைச் சரக்கு ஏறுகிறது. முன்பணம் கொடுத்து வாங்கும் வழக்கமும் உண்டு. அந்தக் கடனுக்காக நிலத்தில் கைவைக்க நினைப்பவர்கள் நிதானிக்க வேண்டும்.

மூன்று ஜாகீர்தார்களின் வசம் இருந்த அந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. ஆகவே கீழ்நாட்டைப் போல நீண்ட பத்திரத் தொடர்ச்சியை அங்கே எதிர்பார்க்க முடியாது. 2024 சாராயச் சாவுகளுக்குப்பின் கல்வராயன்மலை மக்களின் வாழ்வாதாரத்தைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்து விசாரித்ததும் நினைவிருக்கும்.

அங்குள்ள மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். மேலே சொன்ன 1956-ஆம் ஆண்டின் இரு இந்துச் சட்டங்களும், மத்திய அரசு தனியே அறிவித்தாலொழியப் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. "அப்படியானால் கோர்ட்டு அனுமதியே வேண்டாம்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பங்கு யாருக்கு என்பதே அவர்கள் வழக்காற்றைப் பொறுத்தது என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். தகப்பனை இழந்த மலைப்பிள்ளைக்கும் 1890 சட்டப்படி காப்பாளர் நியமனம் கேட்கலாம். அப்படி நியமிக்கப்பட்டவரும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் நிலத்தை விற்க முடியாது. அந்த வழியே அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

கடன், பாகம், வரி

மைனரிடம் எழுதி வாங்கிய புரோநோட்டு அவரைக் கட்டுப்படுத்தாது. மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லேயே பிரிவி கவுன்சில் முடிவு செய்த விஷயம். ஆனால் மளிகைக்காரர்களுக்குச் சட்டத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 68-ஆவது பிரிவுப்படி, மைனருக்கு அவர் வாழ்நிலைக்கு ஏற்ற அத்தியாவசியப் பொருள் கொடுத்திருந்தால், அதன் தொகையை அவர் சொத்திலிருந்து பெறலாம். அவரைத் தனிப்பட்ட முறையில் பிடிக்க முடியாது. அரிசி, பருப்பு, பள்ளிச் சீருடை அத்தியாவசியம். மோட்டார் சைக்கிள் அத்தியாவசியம் என்று வாதாடுவது கஷ்டம். எனவே தந்தையை இழந்த வீட்டுக்குக் கடனாகச் சரக்கு கொடுத்தால், தேதி வாரியாகச் சிட்டை எழுதி வையுங்கள்.

கூட்டு வணிகத்தில் மைனரை முழுப் பங்காளியாகச் சேர்க்க முடியாது. எல்லாப் பங்காளிகளும் சம்மதித்தால் லாபத்தில் பங்கு பெறச் சேர்க்கலாம். நஷ்டம் வந்தால் அவர் பங்குவரைதான் பொறுப்பு. மேஜரானபின், அல்லது இந்த விவரம் தெரிந்தபின், இதில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்திற்குள் பங்காளியாகத் தொடர்வதா இல்லையா என்று பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் பங்காளி ஆகிவிடுவார். கடனும் தலையில் ஏறும். பிள்ளைக்கு 18 வயது முடியும் நாளைப் பேரேட்டில் குறித்து வைப்பது நல்லது.

ஜி.எஸ்.டி. சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. மைனருக்காகக் காப்பாளர் கடை நடத்தினால், வரியை அந்தக் காப்பாளரிடமே வசூலிக்கலாம். உரிமையாளர் இறந்தபின் வாரிசு கடையைத் தொடர்ந்தால், பழைய பாக்கிக்கும் வாரிசு பொறுப்பு. புதுப் பதிவு எடுத்து, பழைய உள்ளீட்டு வரியை மாற்றிக்கொள்ள வேண்டும். இறந்தவர் எண்ணிலேயே பில் போட்டுக்கொண்டிருப்பது ஆபத்து.

படுக்கையில் விழுந்தவர் சொத்து

மைனர் மட்டுமல்ல, பக்கவாதத்தில் பேச்சும் நினைவும் இழந்த வியாபாரியின் நிலையும் இதுதான். "பவர் பத்திரம் இருக்கிறதே" என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் முடிந்துபோகும். இது ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு. பழைய மனநலச் சட்டத்தில் இருந்த சொத்து நிர்வாக ஏற்பாடு, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. நினைவிழந்து கிடப்பவருக்குக் காப்பாளர் நியமிக்கத் தனிச் சட்டமும் இல்லை.

2024-ல் சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி, கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று மருத்துவம் பார்க்க அனுமதி கேட்டு உயர்நீதிமன்றம் சென்றார். தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பெண்மணியையே காப்பாளராக நியமித்து, சொத்தை விற்க அனுமதித்தது. விற்ற பணத்தில் ரூ.50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத் தொகையாகப் போட்டு, வட்டியை மூன்று மாதத்திற்கொருமுறை எடுத்துக்கொள்ளச் சொன்னது. இங்கும் அதே நியாயம்தான்: கையெழுத்து மனைவியுடையது, பணம் கணவருடையது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகள் மேஜரானாலும் அவர்களுக்குக் காப்பாளர் தேவைப்படலாம். அதற்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்தால் நல்லது. தாய் தந்தை இருவரும் இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு யார் காப்பாளர் என்பதையும் அதில் எழுதலாம். கணவன் மட்டும் எழுதினால் போதாது. மனைவியும் எழுத வேண்டும்.

2. இன்சூரன்ஸ் பாலிசியில் மைனர் பிள்ளையை நாமினியாகப் போட்டிருந்தால், அவர் சார்பில் பணம் பெறும் பெரியவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.  நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், பணம் வாரிசுகளுக்குரியது என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், 2015 சட்டத் திருத்தத்திற்குப்பின் அது எல்லா நாமினிக்கும் அப்படியே பொருந்தாது.

3. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை மனைவியிடம் சொல்லிவையுங்கள்.

4. சொத்து வாங்கும்போது வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரின் வயதையும் பாருங்கள். ஒருவர் மைனர் என்றாலும், நீதிமன்ற உத்தரவைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

5. சக வணிகர் ஒருவர் இறந்துவிட்டால், மாலை போட்டுவிட்டு வந்துவிடாமல், அந்தக் குடும்பத்தின் கணக்கு வழக்கை ஒழுங்குபடுத்த ஒருநாள் ஒதுக்குங்கள். நல்ல வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள்.

சின்னசேலம் உதாரணத்திற்குத் திரும்புவோம். அட்வான்ஸ் கொடுத்த பக்கத்துக் கடைக்காரர், "அம்மா, கோர்ட்டு அனுமதி வாங்கிவிடுங்கள், அதுவரை நான் காத்திருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கடன் அடைந்திருக்கும். 14 வயதுப் பையனின் பங்கும் 9 வயதுப் பெண்ணின் பங்கும் வங்கியில் அவரவர் பெயரில் வளர்ந்திருக்கும். பையன் 18 வயதில் தன் பணத்தோடு அதே கடைத்தெருவில் நம்மில் ஒருவராக நின்றிருப்பான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் வணிகர்களாக நாம் இருப்போம்.